வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை இறங்குவீர்கள்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது அங்கே அதே தேதி காலை 6.30. டிக்கெட்டைப் பார்த்த என் அத்தை, "ஆறரை மணி நேரம்தானா, பரவாயில்லையே!" என்றார். இன்னும் 12 மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்று சொல்ல மனசே வரவில்லை.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது. அதிலும் இந்த இரண்டு ஊருக்கும் இடையே உள்ள வித்தியாசம் வருடம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் 13. சிங்கப்பூர் தன் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

திரும்பி வரும்போது இதைவிட மோசம். நியூயார்க்கில் வெள்ளி இரவு 10.30-க்கு ஏறி 19 மணி நேரம் பறந்தால், கோடையில் சிங்கப்பூரில் இறங்குவது ஞாயிறு காலை 5.30. சனிக்கிழமை எங்கே போனது என்று கேட்காதீர்கள். அன்று ஹோட்டல் அறை போட்டவர்களும், அழைத்துப்போக ஆளை வரச்சொன்னவர்களும் உண்டு.

அப்புறம் வரைபடம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்தால், இலங்கை, ஆப்பிரிக்கா வழியாக மேற்கே போவதுதான் நேர்வழி என்று தோன்றும். ஒரு உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும்! அந்த வழியில்தான் சுமார் 15,350 கிலோமீட்டர்.

சரி, அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது? விமானம் நூல் போன வழியில் போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக்கைத் தாண்டிப் போகும். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் வேகக் காற்று முதுகில் தள்ளிவிடுவதால், தூரம் கூடினாலும் அந்த வழிதான் லாபம். ஓடுபாதை வரை ஊர்ந்துபோவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வராத நேரம். வான்வெளி மூடினால் இன்னும் சுற்று: 2022-இல் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாமல் போனதும், ஒன்பதரை மணி நேரம் ஆன ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது.

இன்னொன்று: விமானத்துறையில் மைல் என்றால் அது பெரும்பாலும் கடல் மைல், 1.852 கிலோமீட்டர். மேலே சொன்ன தூரம் அதில் சுமார் 8,290. சாலை மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 2,000 கிலோமீட்டர் காணாமல் போய்விடும்.