வருகைப்பதிவை மொத்தமாகக் கூட்டாதீங்க

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் விதிமுறைகளில் முதலில் படிக்க வேண்டியது வருகைப்பதிவைத்தான். தேர்வு எழுத வேண்டுமென்றால் தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிக்கலுக்கு 80, பாடவாரியாக, தனித்தனியாக. சறுக்குவது இங்கேதான்: இரண்டையும் கூட்டிச் சராசரி 78 வந்தால் போதும் என்று இருந்துவிடுவார்கள். பிராக்டிக்கல் 60 வகுப்பு என்றால் 12-க்கு மேல் விடக்கூடாது. பொங்கலுக்கு ஊரில் கூடுதலாகத் தங்கும் நாட்களும் இந்தப் பன்னிரண்டில்தான் கழியும். மாதக் கடைசியில் துறையில் கேட்டு, நோட்டில் இரண்டு பத்தியாகக் குறித்து வையுங்கள். முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தமே 4 வாய்ப்பு.

ராகிங் புகாருக்கு 1800-180-5522. மனசு சரியில்லையா, 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். இரண்டுமே 24 மணி நேரமும் உண்டு. விடுதி அறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேடுவோம்.