கால் புண்ணைப் போனில் எடுத்து அனுப்புகிறீர்களா? இப்படி எடுங்கள்

நான் சர்க்கரைக் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ். கிராமத்திலிருந்து வருகிறவர்களை வாராவாரம் பஸ் ஏற வைக்க எனக்கு மனசில்லை. உள்ளங்கால் புண்ணுக்கு முதல் மருந்தே அந்தக் காலை ஊன்றாமல் இருப்பதுதான். அதனால்தான் இடையில் போனில் படம் கேட்கிறோம்.

கட்டைப் பிரித்த கையோடு எடுக்காதீர்கள். சலைன் விட்டுக் கழுவி, சுத்தமான காஸால் ஒற்றிய பிறகுதான் புண்ணின் விளிம்பு தெரியும். பிரித்த பழைய காஸைத் தூக்கி எறியுமுன் அதையும் ஒரு படம் எடுங்கள். அதிலிருக்கும் கறை மஞ்சளா, பச்சையா, ரத்தமா என்பது எங்களுக்குப் பாதி விஷயம் சொல்லிவிடும்.

ஃப்ளாஷ் வேண்டாம், ஈரத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஜன்னல் வெளிச்சம் போதும். புண்ணைப் படமெடுத்து அளக்கும் ஸ்கேன் ஆப் கொடுத்திருந்தால், அதோடு வரும் ஸ்டிக்கரைப் புண்ணுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் ஒட்டுங்கள். அதை வைத்துத்தான் ஆப் சென்டிமீட்டர் கணக்குப் போடுகிறது. ஆப் இல்லையென்றால் ஒரு பேப்பர் ஸ்கேல், அதிலேயே தேதி, எந்தக் கால் என்பது. போன் புண்ணுக்கு நேர் எதிரே இருக்கட்டும். சாய்த்து எடுத்தால் புண் சின்னதாகத் தெரியும். வீட்டில் எல்லோரும் ஆறுகிறது என்று சந்தோஷப்படுவார்கள்! குதிகால் வளைவில் இருக்கும் புண்ணுக்கு ஒரே படம் போதாது, பக்கவாட்டிலும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் படம் மங்காது.

நாங்கள் பார்ப்பது பரப்பை. 3 செ.மீ. நீளம், 3 அகலம் இருந்த புண் இரண்டுக்கு இரண்டு ஆனால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நாலு வாரத்தில் பாதியாவது குறையாவிட்டால் டாக்டர் வைத்தியத்தை மாற்ற யோசிப்பார். தடித்த தோலைச் செதுக்கிவிட்ட அன்று மட்டும் புண் பெரிதாகத் தெரியும், பயப்படாதீர்கள்.

படத்தில் ஆழம் தெரியாது, நாற்றம் வராது, சூடு தெரியாது. அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். நம் மாநிறத் தோலில் சிவப்பும் சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வலிக்கவில்லை என்பதை மட்டும் எழுதாதீர்கள். நரம்பு மரத்துப்போன காலில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

சிவப்போ வீக்கமோ விளிம்பைத் தாண்டி இரண்டு செ.மீ. பரவினாலோ, விரல் கறுத்தாலோ, எலும்பு தெரிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை காரணமில்லாமல் எகிறினாலோ படம் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ராத்திரி ஆனாலும் சரி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.