கப்பிக் குஞ்சுக்கு முதுகு வளைகிறதா? புது ரத்தம் சேர்க்கும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் பால்கனித் தொட்டியில் ஐந்தே ஐந்து கப்பி மீன்களோடு ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் தொட்டி கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும்: வாலில் நீலம் வெளுத்திருந்தது, சில குஞ்சுகளுக்கு முதுகு தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. அத்தனையும் ஒரே குடும்பம்!

நம்மில் தாய்மாமனைக் கட்டுவதுண்டு. அந்த வழியில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வர 12.5 சதவீத வாய்ப்பு. அண்ணன் தங்கை கூடினால் 25. கப்பிக்குத்தான் முறையே கிடையாதே! அடுத்த தலைமுறையிலும் அப்படியே கூடினால் 37.5, அதற்கடுத்து 50. ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருந்த குறை, ஜோடி சேர்ந்ததும் வெளியே வந்துவிடும்.

படி 1: நோயா என்று பாருங்கள். வளர்ந்த மீன் இளைத்து, பிறகு வளைந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். தனியே எடுத்துவிடுங்கள். கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும். பிறந்த சில நாளிலேயே வளைவு தெரிந்தால் சொந்தத்தைச் சந்தேகிக்கலாம்.

படி 2: கன்னிப் பெண் மீன்களைப் பிரித்து வையுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். புது ஆணை வாங்கிப் பழைய பெண்களோடு விட்டேன். மாதங்கள் போயும் அதே வெளுத்த குஞ்சுகள். பெண் கப்பி விந்தை மாதக்கணக்கில் வயிற்றில் சேமித்து வைக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் குஞ்சுகளை மூன்றாவது வாரத்திலிருந்தே தினமும் கவனியுங்கள். அடித்துடுப்பு விசிறிபோல் விரிந்து, அதன் அருகே வயிற்றில் கரும்புள்ளி தெரிந்தால் பெண். துடுப்பு ஒடுங்கிக் குச்சியாக நீண்டால் ஆண். சந்தேகமானதை ஆண் பக்கமே போடுங்கள்.

படி 3: புது ஆண்கள் இரண்டு மூன்று, வேறு இடத்திலிருந்து வாங்குங்கள். ஒரே கடைத் தொட்டியில் எடுத்தால் அவையும் உடன்பிறந்தவையாக இருக்கலாம். நான் சென்னை போனபோது கொளத்தூரில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

படி 4: நான்கு வாரம் தனித் தொட்டி. காவிரிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து விடுங்கள். பையை மிதக்கவிட்டு, அரை டம்ளர் அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்த பிறகே மீனை விடுங்கள்.

படி 5: நான்கு வாரம் ஆனதும் புது ஆண்களைக் கன்னிப் பெண்களோடு சேர்த்து, இரண்டு டப்பில் இரண்டு குடும்பமாக வையுங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை இங்கிருந்து சில இளம் ஆண்கள் அங்கே, அங்கிருந்து இங்கே. கன்னிப் பெண் விதி அப்போதும் உண்டு. டப்பில் டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

மிஞ்சியதை அல்சூர் ஏரியில் கொட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஆனால் ஆண்களை மட்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் அவர்கள் தொட்டியிலும் இதே கதைதான்.