இடிந்த கோட்டைக்குள் இடைக்காலத் தோட்டம்: எங்கே சறுக்குகிறார்கள்?

ஐரோப்பாவில் இடிந்த கோட்டைக்குள் இடைக்காலத்து (சுமார் 5 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை) பாணியில் தோட்டம் போடுபவர்கள் செய்யும் முதல் தவறு, மண்வெட்டியைக் கையில் எடுப்பது. கோட்டை இடிந்த இடத்தில் புல்லுக்குக் கீழே பழைய அடித்தளம் இருக்கும். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடமென்றால், 1979 சட்டப்படி அரசின் அனுமதியில்லாமல் அங்கே தோண்டவே கூடாது. கவலை வேண்டாம். வளைந்த குச்சிகளைப் பின்னித் தட்டி கட்டி, உள்ளே மண் நிரப்பி மேட்டுப்பாத்தி போடலாம். இடைக்காலத்து ஆட்களும் அப்படித்தான் செய்தார்கள். பாத்தியைச் சுவரோடு ஒட்டி மட்டும் போடாதீர்கள். ஈரம் கல்லுக்குள் ஏறும். சுவர் உதிர்கிறதே என்று சிமென்ட் பூசுவது அதைவிட மோசம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்து வைக்கும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது செடிகளில்தான். சூரியகாந்தி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் 1492-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. கோட்டையில் வாழ்ந்தவர்கள் இவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டியூலிப்பும் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். அப்போ என்னதான் நடுவது? கி.பி. 800 வாக்கில், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேனின் அரச பண்ணைகளுக்கு வந்த ஆணையில் எழுபதுக்கும் மேற்பட்ட செடிகளின் பட்டியலே இருக்கிறது: லில்லி, ரோஜா, சேஜ் என்ற மூலிகை, வெந்தயம், கொத்தமல்லி, பூண்டு. ஆமாம், பாதி நம் அஞ்சறைப்பெட்டிதான்.

குட்டையாக வெட்டிய வேலியைக் கோலம்போல முடிச்சு முடிச்சாக வளர்ப்பதையும் இடைக்காலம் என்று நினைக்கிறார்கள். அது இடைக்காலம் முடிந்தபின் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மன்னர்கள் காலத்து மோகம். இடைக்காலத்துக்குப் புல்திட்டு இருக்கை பொருந்தும்: மண் மேடு கட்டி, மேலே புல் பதித்து உட்காருவது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் கோட்டையில் இடிபடாமல் தப்பிய மாமண்டபத்துக்குப் பின்னால், 1986-இல் திறந்த அரசி எலினார் தோட்டத்தில் அதைப் பார்க்கலாம். புல்லையும் லேசாக நினைக்காதீர்கள். 1260 வாக்கில் ஜெர்மன் துறவியும் அறிஞருமான ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் சொன்ன முறை இது: களைகளை வேரோடு பிடுங்கு, கொதிக்கும் நீரை ஊற்று, அப்புறம் புல்கட்டியைப் பதித்து மரச்சுத்தியால் அடி.

கடைசியாக ரோஜா. இன்று திரும்பத் திரும்பப் பூக்கும் வகைகளில் பெரும்பாலானவை, சீன ரோஜாக்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவுக்கு வந்த பிறகு உருவானவை. இடைக்காலத்துக்குப் பொருந்தும் பழைய வகையான காலிக்கா ரோஜா கோடையில் ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். ஆகஸ்டில் வருபவர்கள் பூவே இல்லையே என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.