போட்டி குறைந்த அஃபிலியேட் நிஷ்ஷைக் கண்டுபிடிப்பது எப்படி? 110 வோல்ட் கிரைண்டரை வைத்து ஒரு செய்முறை

அஃபிலியேட் மார்க்கெட்டிங் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நிஷ் எடுக்கலாம்?" என்றுதான். யூடியூபில் தேடினால் பெரும்பாலும் ஒரே பட்டியல் வரும்: எடைக் குறைப்பு, மொபைல் ரிவ்யூ, வெப் ஹோஸ்டிங், கிரெடிட் கார்டு. அதே பட்டியலைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் ஏற்கெனவே களத்தில் இறங்கிவிட்டார்கள். அதனால் இங்கே பட்டியல் கிடையாது. ஒரே ஒரு யோசனையை எடுத்து, அது தேறுமா தேறாதா என்று கடைசி வரை சோதித்துப் பார்க்கப்போகிறோம். அதே சோதனையை உங்கள் யோசனைக்கும் நடத்திக்கொள்ளலாம்.

நாம் எடுத்துக்கொள்ளும் யோசனை: அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர்கள் வாங்கும் 110 வோல்ட் கிரைண்டர், மிக்ஸி.

இந்தத் தொழிலுக்கே புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பொருளைப் பற்றி எழுதி, கடையின் லிங்க்கைக் கொடுக்கிறீர்கள். அந்த லிங்க் வழியாகப் போய் ஒருவர் வாங்கினால் கடை உங்களுக்குக் கமிஷன் தரும். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. நிஷ் என்பது நீங்கள் எழுதப்போகும் குறுகிய துறை.

படி 1: வாங்குபவரின் குழப்பத்திலிருந்து தொடங்குங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில், வேலையிடத்தில், சொந்தபந்தத்தில் யாராவது உங்களிடம் "இதுல எதை வாங்கலாம்?" என்று கேட்ட விஷயங்களையெல்லாம் எழுதுங்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்தான் உங்கள் வாசகர். "எனக்கு எதில் ஆர்வம்?" என்று தொடங்குவதைவிட, "என்னிடம் எதைக் கேட்கிறார்கள்?" என்று தொடங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆர்வம் இருக்கும் இடத்திலெல்லாம் விற்பனை இருப்பதில்லை.

அமெரிக்காவுக்குக் கிளம்பும் மகளுக்குச் சாமான் கட்டும் வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "கிரைண்டரை இங்கேயே வாங்கிட்டுப் போயிடலாமா, அங்க போய் வாங்கிக்கலாமா?" நம் ஊரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பேச்சு வழக்கில் 110 வோல்ட் என்று சொல்வது இதைத்தான். இங்கே வாங்கிய சாதனத்தை அங்கே நேரடியாகச் செருகினால் மோட்டாருக்குச் சக்தி போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹெர்ட்ஸ் மாறாது. டேபிள் டாப் கிரைண்டரில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால், 60 ஹெர்ட்ஸில் கல் கூடுதல் வேகத்தில் சுற்றும். மிக்ஸியின் மோட்டார் வேறு வகை. அதற்கு ஹெர்ட்ஸ் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் 750 வாட் மிக்ஸிக்குத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல கனமாக இருக்கும், அதற்கும் தனியாகச் செலவு.

இவ்வளவு விவரம் தெரிந்த ஒருவர் எழுதினால், படிப்பவர் கடைசி வரி வரை படிப்பார். குழப்பமும் செலவும் சேர்ந்திருக்கும் இதுபோன்ற இடத்தைத்தான் உங்கள் நோட்டில் தேட வேண்டும். பத்துப் பதினைந்து யோசனைகள் சேர்ந்தால் போதும்.

படி 2: யாருக்கு, எங்கே, எந்தக் கட்டுப்பாட்டில்?

"சமையலறைச் சாதனங்கள்" என்பது கடல். "மிக்ஸி, கிரைண்டர்" என்றாலும் பெரிய தளங்கள் நிற்கும் இடம். "அமெரிக்கா, கனடாவில் 110 வோல்ட்டில் ஓடும் இந்தியச் சமையல் சாதனங்கள்" என்று சொன்னதுமே கூட்டம் விலகிவிடுகிறது. இங்கே குறுக்கியது மூன்று கேள்விகள்: வாங்குபவர் யார், எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன கட்டுப்பாடு.

மற்ற யோசனைகளையும் இப்படிக் குறுக்கலாம். மாடித்தோட்டம் என்று பொதுவாக எடுக்காமல், உப்புத் தண்ணீர் வரும் வீட்டின் மாடித்தோட்டம். வாட்டர் பியூரிஃபையர் என்று எடுக்காமல், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) அதிகமுள்ள போர்வெல் தண்ணீருக்கான பியூரிஃபையர்.

அளவு மீறிக் குறுக்கிவிட்டோமா என்று பார்க்க, முப்பது கட்டுரைத் தலைப்புகளை எழுதிப் பாருங்கள். 110 வோல்ட் நிஷ்ஷில் எனக்கு உடனே தோன்றுபவை: இரண்டு பேருக்கு 1.25 லிட்டர் போதுமா, 2 லிட்டர் வேண்டுமா. டில்டிங் கிரைண்டர் யாருக்குத் தேவை. அபார்ட்மெண்ட்டில் இரவில் அரைத்தால் சத்தம் எப்படி. பெல்ட் தேய்ந்தால் அங்கே மாற்று எங்கே கிடைக்கும். இந்தியாவில் வாங்கியதற்கு அங்கே வாரண்டி செல்லுமா. பனிக்காலத்தில் மாவு புளிக்க என்ன செய்வது. தோசைக்கல்லை எலக்ட்ரிக் காயில் அடுப்பில் வைக்கலாமா. பிரஷர் குக்கர், தேங்காய்த் துருவி, இட்லித் தட்டு என்று பக்கத்துப் பொருள்களும் வரிசையில் நிற்கின்றன. எட்டு, ஒன்பது தலைப்பிலேயே பேனா நின்றுவிட்டால் ஒரு சுற்று அகலமாக்குங்கள்.

படி 3: தேடுகிறார்களா?

கூகுளில் "வெட் கிரைண்டர் 110 வோல்ட்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். தட்டும்போதே கீழே விரியும் பரிந்துரைகள் எல்லாம் மக்கள் தேடும் சொற்களை ஒட்டி வருபவை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தின் நடுவில் வரும் கேள்விப் பெட்டியைத் திறந்தால் இன்னும் கேள்விகள் விரியும். யூடியூபிலும் அமேசானின் அமெரிக்கத் தளத்திலும் இதையே செய்யுங்கள்.

அடுத்து கூகுள் டிரெண்ட்ஸ். நாட்டை அமெரிக்கா என்றும் காலத்தை ஐந்து ஆண்டுகள் என்றும் வைத்துப் பாருங்கள். அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. அந்தக் காலத்தின் உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு. கோடு இறங்கிக்கொண்டே போகிறதா, நிலையாக இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். நீளமான சொற்றொடருக்குத் தரவு போதாது என்று வந்தால், "வெட் கிரைண்டர்" என்று சுருக்கிப் பாருங்கள்.

எண்ணிக்கைக்குக் கூகுள் கீவேர்டு பிளானர் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்கில் 100 முதல் 1000 வரை என்பது போல அகலமான வரம்பைத்தான் காட்டும். ஆரம்பத்துக்கு அதுவே போதும். ஒரு எச்சரிக்கை: அதில் போட்டி குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஒரு பத்தி இருக்கும். அது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி. கட்டுரைகளுக்கு இடையிலான போட்டியை அது சொல்வதில்லை. புதியவர்கள் பலர் அந்தப் பத்தியை நம்பி நிஷ்ஷைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். உண்மையான போட்டியை அளக்க அடுத்த படிதான் வழி.

படி 4: முதல் பக்கத்தை உங்கள் கண்ணால் படியுங்கள்

மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து ஒரு நாள் கொடுத்தால், இதற்கு மட்டும் இன்னொரு நாள் கொடுங்கள். நோட்டில் உள்ள முக்கியமான பத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தேடி, முதல் பக்கத்தில் வரும் முடிவுகளை முழுமையாகத் திறந்து படிக்க வேண்டும். தேடும் முன் பிரவுசரைத் தனிப்பட்ட முறைக்கு (இன்காக்னிட்டோ) மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்க வாசகருக்கு எழுதுவதென்றால், கூகுளின் தேடல் அமைப்பில் நாட்டையும் மாற்ற மறக்காதீர்கள்.

சாதகமான அறிகுறிகள் சில உண்டு. முதல் பக்கத்தில் ரெடிட், கோரா போன்ற கேள்வி பதில் தளங்கள் வந்தால், அந்தக் கேள்விக்குக் கூகுளிடம் நல்ல கட்டுரை இல்லாமல் இருக்கலாம். பல வருடங்களாகப் புதுப்பிக்காத கட்டுரை இன்னும் மேலே நிற்பதும் அப்படித்தான். இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கலாம்: கேட்டது ஒன்று, வந்திருப்பது வேறு. "அமெரிக்காவுக்கு எந்தக் கிரைண்டர்" என்று தேடினால், இந்தியாவில் விற்கும் 230 வோல்ட் மாடல்களின் பட்டியல் வருகிறது என்றால், அங்கே காலி இடம் இருக்கிறது. அமேசானில் உள்ள விவரங்களையே வரிசை மாற்றி எழுதிய, பொருளைத் தொட்டே பார்க்காத கட்டுரைகளையும் ஓரிரு பத்தியில் அடையாளம் கண்டுவிடலாம்.

பாதகமான அறிகுறிகளும் உண்டு. முதல் பக்கம் முழுக்கக் கடைப் பக்கங்களாகவே இருந்தால், தேடுபவர் நேராக வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று கூகுள் முடிவு செய்திருக்கிறது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் கட்டுரையை அங்கே நுழைப்பது கடினம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு "எது நல்லது", "வித்தியாசம் என்ன", "இது அங்கே வேலை செய்யுமா" போன்ற கேள்விகளுக்குப் போங்கள். அதேபோல, ஒரு வரியில் பதில் முடிந்துவிடும் கேள்விகளைத் தவிருங்கள். 2024-லிருந்து அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கூகுளே ஏஐ சுருக்கத்தைத் தேடல் முடிவின் தலையில் காட்டுகிறது. "அமெரிக்காவில் எத்தனை வோல்ட்?" என்பதற்கு யாரும் உங்கள் பக்கம் வரை வரமாட்டார்கள். இரண்டு மாடல்களில் ஒரே அளவு உளுந்தை அரைத்து, எத்தனை நிமிடம் ஆனது, மாவு எவ்வளவு சூடேறியது, கழுவ எவ்வளவு சிரமம் என்று படத்தோடு எழுதியதைப் படிக்க வருவார்கள்.

இன்னொரு சின்னச் சோதனை. "ஆல்இன்டைட்டில்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, உங்கள் தேடல் சொல்லைத் தட்டினால், அந்தச் சொற்கள் எல்லாம் தலைப்பிலேயே உள்ள பக்கங்கள் மட்டும் வரும். மிகச் சில பக்கங்களே வந்தால் நல்லது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் பக்கத்தைப் படித்ததற்கு இது துணை, அவ்வளவுதான்.

பத்துக் கேள்விகளில் ஐந்துக்காவது "இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும்" என்று மனசாட்சியோடு சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். முடியாவிட்டால் நோட்டின் அடுத்த யோசனை. உடல்நலம், கடன், பங்குச்சந்தை போன்ற துறைகளைப் புதியவர்கள் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தவறான ஒரு வரி படிப்பவரின் உடம்பையோ சேமிப்பையோ கெடுத்துவிடும். கூகுளும் அங்கே எழுதுபவரின் தகுதியைக் கூடுதலாகவே எதிர்பார்க்கிறது.

படி 5: காசுக் கணக்கு

அமெரிக்காவில் ஒரு கிரைண்டரின் விலை 200 டாலர், கமிஷன் 4.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விற்றால் 9 டாலர். மாதம் 3000 பேர் படிக்கிறார்கள், நூற்றில் 15 பேர் லிங்க்கைத் தொடுகிறார்கள், அப்படிப் போனவர்களில் நூற்றுக்கு 4 பேர் வாங்குகிறார்கள் என்று எடுத்தால், 450 கிளிக், 18 விற்பனை, 162 டாலர். இவை கணக்குப் போட்டுக் காட்ட எடுத்த எண்கள். உங்கள் நிஷ்ஷுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அதே 18 விற்பனை 300 ரூபாய் குரோ பேகில் 5 சதவீதமாக இருந்தால் மொத்தம் 270 ரூபாய்தான். விலை குறைந்த பொருளில் நிஷ் எடுக்கலாம், ஆனால் அடிக்கடி திரும்ப வாங்கும் பொருளாகவோ, கூடையில் நான்கைந்து சேர்ந்து விழும் பொருளாகவோ இருக்க வேண்டும்.

கமிஷன் விகிதத்தை அமேசானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நேரடியாகப் பாருங்கள். பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான், வீட்டு உபயோகம், ஃபர்னிச்சர் உள்ளிட்ட பிரிவுகளில் 8 சதவீதத்தை 3 சதவீதமாகக் குறைத்தது. அதையே முழுக்க நம்பியிருந்தவர்களின் வருமானம் பாதிக்கும் கீழே போனது. ஆகவே அதே பொருளுக்குக் கமிஷன் தரும் இரண்டாவது கடை ஒன்றாவது இருக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள்.

அமேசானில் லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். அதற்குள் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள் வரை செல்லும். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் கட்டுரைகள் தயாராகி, ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது. உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கிக்கொள்வது விதிமீறல். பொருளின் விலையைக் கட்டுரையில் கையால் எழுதி வைப்பதும் அமேசான் விதிப்படி கூடாது.

படி 6: பத்துக் கட்டுரையோடு சோதனை

முப்பது தலைப்பில் பத்தை எடுங்கள். ஐந்து, வாங்கும் முடிவுக்கு நெருக்கமான ஒப்பீடுகள். மீதி, சந்தேகம் தீர்ப்பவை. ஒப்பிடும் பொருளை விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால், அதை வைத்திருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுங்கள், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பயன்படுத்தாததைப் பயன்படுத்தியதாக மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பேச்சை நம்பி ஒரு குடும்பம் 200 டாலர் செலவழிக்கப்போகிறது.

கமிஷன் கிடைக்கும் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி இதைக் கேட்கிறது. இந்தியாவில் விளம்பரத் தர மன்றமான ஏஎஸ்சிஐ 2021-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. லிங்க்குகளின் எச்டிஎம்எல் கோடில், கூகுளுக்காக "ஸ்பான்சர்டு" என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். கூகுள் 2019-ல் அறிமுகப்படுத்தியது அது.

தளத்தைத் தொடங்கும் அன்றே கூகுள் சர்ச் கன்சோலில் இணைத்துவிடுங்கள், அது இலவசம். புதுத் தளத்துக்குச் சில மாதங்கள் பொறுமை தேவைப்படும். அந்தக் காலத்தில் விற்பனையைப் பார்க்காமல், எந்தத் தேடல் சொற்களுக்கு உங்கள் பக்கம் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத கேள்விகள் அங்கே வரும். ஒரு கேள்விக்கு நீங்கள் இரண்டாம், மூன்றாம் பக்கத்தில் வருகிறீர்கள், ஆனால் அதற்கென்று தனிக் கட்டுரை எழுதவில்லை என்றால், பதினோராவது கட்டுரையின் தலைப்பு அதுதான். பத்துக் கட்டுரைக்கும் ஆறு மாதம் கழித்தும் எந்தச் சொல்லுக்கும் அசைவே இல்லையென்றால், படி 4-க்குத் திரும்பிப் போய் முதல் பக்கத்தை மறுபடி படியுங்கள்.