ஃபார்ம் ஸ்டே நடத்தறீங்களா? மெனுவை தோட்டத்துக்கிட்ட கேளுங்க

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை பக்கமெல்லாம் தோப்புக்குள்ள ஃபார்ம் ஸ்டே நெறைய வந்துருச்சுங்க. ரூமெல்லாம் அருமையா வச்சிருக்காங்க, ஆனா சாப்பாடுன்னு வந்தா பன்னீர் பட்டர் மசாலா, காலிபிளவர் சில்லி, எல்லாமே டவுன்ல வாங்கிட்டு வந்தது, தோட்டத்து முருங்கைக்கீரை பறிக்க ஆளில்லாம முத்திப்போயி நிக்குது. பாக்கவே மனசு கேக்கலைங்க.

மொதல்ல மெனு கார்டை எடுத்துருங்க. புக்கிங் வந்ததுமே வாட்ஸ்அப்ல சொல்லிருங்க, இங்க வெளையறதுதான் சாப்பாடு, எத்தனை பேரு, கொழந்தைங்க எத்தனை, சைவமா, எதாச்சும் அலர்ஜி இருக்கான்னு முந்தின நாள் பொழுதுக்குள்ள சொல்லோணும்னு. ஆள் கணக்கு தெரியாம ஆக்கறதுனாலதான் அவ்வளவு சோறு வீணாப் போகுது.

மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு சோறுதான் என் முதல் ஓட்டு. ஒரு டம்ளர் அரிசிக்கு கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சத்தூள், மொளகாத்தூள், மூணு டம்ளர் தண்ணி, எறக்குனதும் மேல நெய்யி. இதுல பெரிய வசதி என்னன்னா அண்டா நெறைய முன்னாடியே ஆக்கி வைக்க வேண்டியதில்லை, பத்தலைன்னா அடுத்த குக்கரை வச்சா அரை மணி நேரத்துக்குள்ள ஆயிரும். ராத்திரிக்கு கொள்ளுப்பருப்பு கடைஞ்சு, அது வெந்த தண்ணியிலயே ரசம் வைங்க. கொள்ளு மானாவாரியில வர்றது, போர்த்தண்ணி கேக்காது, நம்ம காங்கேயம், தாராபுரம் காட்டுக்கு ஏத்த பயிரு. காலையில சந்தகை (இடியாப்பம் மாதிரி புழியறது), நம்ம தோப்புத் தேங்காய்ல பாலெடுத்து, நாட்டுச்சர்க்கரை போட்டு. சர்க்கரை ரொம்ப பளிச்சுன்னு மஞ்சளா இருந்தா வாங்காதீங்க, நெறத்துக்காக ஹைட்ரோஸ்ங்கற வெளுக்கற கெமிக்கல் போட்டிருக்கலாம். கவுந்தப்பாடி பக்கம் தெரிஞ்ச ஆலைக்காரர்கிட்ட கேட்டு வாங்கறது நல்லது. நம்மகிட்ட இல்லாத காயை பக்கத்து தோட்டத்துல கேளுங்க, அங்கயும் இல்லைன்னா உழவர் சந்தை.

தண்ணி பாட்டில் வேண்டாங்க. சீரகம் போட்டு கொதிக்க வச்ச தண்ணிய மண்பானையில ஊத்தி, பக்கத்துல சில்வர் டம்ளர் வச்சா போதும், கொதிக்க வச்சதுன்னு சொல்லிட்டா தயங்காம குடிப்பாங்க.

மிச்சத்துல கவனமா இருங்க. காய்த்தோலு, வாழை எலை மாட்டுக் கட்டுத்தரைக்கு போகலாம், ஆனா மிஞ்சின சோத்தை மொத்தமா மாட்டுக்கு கொட்டாதீங்க, வயித்துல அமிலம் ஏறி மாடு படுத்துரும், உசுருக்கே ஆபத்து. கறி, எலும்பு பட்ட எதையும் மாட்டுக்கு வைக்கவே கூடாது. மிஞ்சுன சோறு, கொழம்பெல்லாம் குழியில போட்டு, ஒவ்வொரு தடவையும் மேல காஞ்ச எலையோ தேங்கா நார்க்கழிவோ ஒரு அடுக்கு மூடிட்டா நாத்தம் வராது, ஈ மொய்க்காது. பாத்திரம் கழுவுற தண்ணிய வாழைக்கு திருப்பி விடுங்க, சோப்பை மட்டும் கொறைச்சுக்கோங்க.

சமைக்க ஆள் தேடி கோயமுத்தூர் போகாதீங்க. சந்தகை புழியறதுல கைதேர்ந்த அக்காங்க உங்க ஊருலயே இருப்பாங்க, அவங்களை கூப்பிடுங்க, டவுன் குக்குக்கு என்ன சம்பளமோ அதையே அவங்களுக்கும் குடுங்க.