இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஆலையில் டி.பி.எம்.: எங்கே சறுக்குகிறோம்?

லேத் ஓடும் ஷாப்பில் ஸ்பிண்டில் பேரிங் போனால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடும். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி மோல்ட் என்ற அச்சுக்குள் அழுத்திப் பாகம் வார்க்கும் மெஷின், அப்படிக் காட்டிக்கொடுக்காது. பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூவில் கசிவைத் தடுக்கும் செக் ரிங் தேய்ந்தாலும் ஓடும். பிளாஸ்டிக் உருகும் பேரலில் ஒரு பேண்ட் ஹீட்டர் எரிந்துபோனால் அதே ஜோனில் உள்ள மற்ற ஹீட்டர்கள் கூடுதல் நேரம் எரிந்து சமாளிக்கும். மோல்டின் தண்ணீர்ப் பாதை பாதி அடைத்துக்கொண்டாலும் சைக்கிள் டைம் இரண்டு வினாடி ஏறுமே தவிர உற்பத்தி நிற்காது. "ஓடுது, விடுங்க சார்" என்ற பேச்சு பிளாஸ்டிக் ஆலைகளில் இவ்வளவு புழங்குவது அதனால்தான்.

டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ், சுருக்கமாக டி.பி.எம்., ஜப்பானில் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த நிப்பான்டென்ஸோ (இன்றைய டென்ஸோ) நிறுவனத்தில் உருப்பெற்றது. 1971-ல் அந்த நிறுவனத்துக்குப் பராமரிப்புக்கான விருது கிடைத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆபரேட்டரே தன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தளர்ந்ததை இறுக்கி, மாறியதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் அடித்தளம். சென்னை, ஓசூர் பக்கம் கார், பைக் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுக்கும் மோல்டிங் ஆலைகளுக்கு இது பெரும்பாலும் கஸ்டமர் சொல்லித்தான் வருகிறது. வரும்போதே மெஷின் ஷாப்பில் பழகிய செக் ஷீட்டும் போர்டும், குறை கண்ட இடத்தில் மாட்டும் டேக்கும் அப்படியே கூட வந்துவிடுகின்றன. அந்த செக் ஷீட் மெஷின் நின்றதா என்று கேட்கும். மெஷின் தவறாக ஓடுகிறதா என்று கேட்காது. பிளாஸ்டிக் ஆலையில் பணம் போவது இரண்டாவது வழியில்.

செட்டிங்கை ஏற்றி தேய்மானத்தை மறைப்பது

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஆனால் ஆடிட்டில் இதற்காக மார்க் குறைந்து நான் பார்த்ததில்லை.

நைட் ஷிஃப்டில் பார்ட்டின் மேல் சிங்க் மார்க் என்ற பள்ளம் வருகிறது. மெஷினுக்கு செட்டிங் போடும் செட்டர், மோல்ட் நிரம்பிய பின்னும் அழுத்திப் பிடிக்கும் ஹோல்டிங் பிரஷரை ஐந்து பார் ஏற்றுகிறார், பள்ளம் மறைகிறது. அடுத்த வாரம் இன்னொரு ஐந்து. பிறகு மெல்ட் டெம்பரேச்சர் பத்து டிகிரி. இரண்டு மாதத்தில் பார்ட்டின் மறுமுனையில் ஃபிளாஷ் அடிக்கிறது, அதாவது பிளாஸ்டிக் ஓரத்தில் பிதுங்குகிறது. மோல்டை இறக்கி, மோல்டின் இரு பாதியும் சேரும் இடம் கெட்டுவிட்டது என்ற பொருளில் "பார்ட்டிங் லைன் போச்சு" என்று டூல் ரூமுக்கு அனுப்புகிறார்கள். மோல்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஸ்க்ரூவின் முனையில் இருக்கும் செக் ரிங் தேய்ந்து, அழுத்தும்போது பிளாஸ்டிக் பின்னால் கசிந்துகொண்டிருக்கிறது. ஏற்றிய பிரஷரில் ஒரு பகுதி மோல்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதை மெஷினின் திரை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஊற்றி முடித்த பிறகும் ஸ்க்ரூவுக்கு முன்னால் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மீதம் நிற்க வேண்டும். அதைத்தான் குஷன் என்கிறோம். அது ஷாட்டுக்கு ஷாட் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றால் செக் ரிங் சரி. ஒரு ஷாட்டில் 6 மி.மீ., அடுத்ததில் 3, அதற்கடுத்ததில் பூஜ்யம் என்று ஆடினால் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். அதேபோல ஸ்க்ரூ திரும்பச் சுற்றிப் பொருளை நிரப்பிக்கொள்ளும் ரெக்கவரி டைம். ஸ்க்ரூவும் பேரலும் தேயத் தேய இது மெல்ல ஏறும். கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான் ஓடும் மெஷின்களில் இந்தத் தேய்மானம் சீக்கிரமே வந்துவிடும்.

ஆகவே ஒரு பார்ட் அப்ரூவல் ஆகும் நாளில் செட் செய்த அளவுகளை மட்டும் எழுதி வைத்தால் போதாது. உண்மையில் ஓடிய அளவுகளையும் எழுத வேண்டும்: குஷன், ஃபில் டைம், பீக் பிரஷர், ரெக்கவரி டைம், ஒவ்வொரு ஜோனின் ஹீட்டர் இழுக்கும் ஆம்பியர். ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை போட்டு, ஆபரேட்டரின் தினசரி ஷீட்டில் சேர்க்க வேண்டும். எல்லையைத் தாண்டித்தான் பார்ட் எடுக்க முடிகிறது என்றால் அங்கேயே ஒரு சிவப்பு டேக் விழ வேண்டும். செட்டரைத் திட்டிப் பயனில்லை. டேக் எழுதினால் மெஷினை நிறுத்துவார்கள், நிறுத்தினால் அவருடைய ஷிஃப்ட் கணக்கு அடிபடும். இதைத் தெரிந்துதான் அவர் பட்டனைத் தட்டுகிறார்.

அடைத்த கேவிட்டியை ஓ.இ.இ. கணக்கில் விடுவது

மெஷின் எவ்வளவு நேரம் கிடைத்தது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, எவ்வளவு நல்ல பார்ட் வந்தது என்ற மூன்று விகிதங்களின் பெருக்கல்தான் ஓ.இ.இ. (ஓவரால் எக்விப்மென்ட் எஃபெக்டிவ்னஸ்). 90, 95, 99 சதவீதம் என்று இருந்தால் 84.6 வரும், உலகத் தரம் என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த 85 இதிலிருந்து வந்ததுதான்.

இப்போது ஒரே ஷாட்டில் எட்டு பார்ட் தரும் எட்டு கேவிட்டி மோல்ட் ஒன்று, 30 வினாடி சைக்கிளில் ஓடுகிறது. ஒரு கேவிட்டிக்குள் பிளாஸ்டிக் நுழையும் கேட் சேதம். அதை அடைத்துவிட்டு ஏழில் ஓட்டுகிறார்கள். மெஷின் நிற்கவில்லை, சைக்கிளும் 30 வினாடிதான், வந்த ஏழும் நல்ல பார்ட். கிடைத்த நேரம் 92, வேகம் 97, தரம் 99 என்று போட்டு 88 சதவீதம் என்று போர்டில் பச்சை மார்க்கரால் எழுதுகிறார்கள். உண்மையில் அதை எட்டில் ஏழால் பெருக்க வேண்டும். 77 தான் வரும். மணிக்கு 120 ஷாட், நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 2,880 ஷாட். ஷாட்டுக்கு ஒரு பார்ட் வீதம் நாளொன்றுக்கு 2,880 பார்ட் எந்தக் கணக்கிலும் வராமல் காணாமல் போகிறது. வேகத்தை சைக்கிள் டைமை வைத்துப் போடாமல், மோல்ட் டிசைனில் உள்ள கேவிட்டி எண்ணிக்கையை வைத்து, வந்திருக்க வேண்டிய பார்ட் எத்தனை என்று போட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

அடுத்த ஓட்டை, கழிவு பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்த அரைக்கும் கிரைண்டர். மெஷினுக்குப் பக்கத்திலேயே கிரைண்டர் இருந்தால், பிளாஸ்டிக் வந்த பாதையில் உறைந்த ரன்னரோடு சேர்த்து ரிஜெக்ட் பார்ட்டும் அதிலேயே போய்விடும். பொருள் வீணாகவில்லை என்று மனசு சமாதானமாகிறது. மெஷின் நேரமும் கரண்டும் போனது யார் கண்ணிலும் படுவதில்லை. ரிஜெக்ட்டை எண்ணி எழுதிய பிறகுதான் கிரைண்டரில் போட வேண்டும். மோல்ட் மாற்றிய பின் முதலில் தள்ளும் ஷாட்களும் இதில் சேரும்.

மோல்ட், தண்ணீர், டிரையர் மூன்றையும் வெளியே விடுவது

டி.பி.எம். என்றதும் மெஷினுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மோல்ட் டூல் ரூமின் பொறுப்பு, தண்ணீர் யுடிலிட்டியின் பொறுப்பு, பிளாஸ்டிக் குருணையைக் காயவைக்கும் டிரையர் யாருடைய பொறுப்பும் இல்லை என்ற ஏற்பாடு பல ஆலைகளில் அப்படியே தொடர்கிறது.

தண்ணீரில் தொடங்கலாம். சைக்கிளில் பெரும்பகுதி கூலிங்குக்கே போகிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு மோல்டின் சேனலுக்குள் படிந்தால், அந்தப் படிவு எஃகைவிடப் பல மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். 28 வினாடியில் ஓடிய பார்ட் 31 வினாடிக்குப் போவது இப்படித்தான். ஆறு மாதம் கழித்து அந்த 31-ஐயே ஸ்டாண்டர்ட் என்று மாற்றியும் விடுவார்கள். மோல்ட் புதிதாக இருக்கும்போதோ உள்ளே கழுவி முடித்த உடனேயோ, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று அளந்து ஹிஸ்டரி கார்டில் எழுதுங்கள். அடுத்த பி.எம்.-ல் (தடுப்புப் பராமரிப்பில்) அதே பிரஷரில் மறுபடி அளந்தால் அடைப்பு தானாகத் தெரியும். ஹோஸை மிச்சப்படுத்த நான்கு சர்க்யூட்டை லூப் போட்டு ஒன்றாக இணைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கடைசிச் சர்க்யூட்டுக்குப் போகும்போது தண்ணீர் சூடாகிவிடுகிறது, எங்கே அடைப்பு என்றும் தெரியாது. ஹைட்ராலிக் ஆயில் கூலரும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆயில் 60 டிகிரியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணெயும் கெடும், சீலும் கெடும்.

மோல்ட் பி.எம்.-ஐ காலண்டர் பார்த்துச் செய்வது இன்னொரு வழக்கம். மாதம் ஒரு நாள் ஓடிய மோல்டும் மாதம் முழுக்க ஓடிய மோல்டும் ஒரே தேதியில் பிரிக்கப்படும். ஷாட் எண்ணிக்கைதான் அளவு. மோல்டை இறக்கும்போது கடைசி ஷாட்டை ரன்னரோடு அப்படியே எடுத்து, செட்டர் கவனித்ததை ஒரு சீட்டில் எழுதி, மோல்டோடு கட்டி அனுப்புவது நல்ல வழக்கம். டூல் ரூமில் இருப்பவருக்குப் பத்து வரி ரிப்போர்ட்டைவிட அந்த ஒரு ஷாட் அதிகம் சொல்லும். கேஸ் வெளியேறும் வென்ட் பல பிளாஸ்டிக்குகளுக்கு 0.02 மி.மீ. அளவு ஆழம்தான், கொஞ்சம் படிவு சேர்ந்தாலே அடைத்து, பார்ட்டின் ஓரத்தில் கருகல் வரும். அப்போதும் இன்ஜெக்‌ஷன் ஸ்பீடைக் குறைத்துச் சமாளிப்பார்கள். ஒட்டிக்கொண்ட பார்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதைத் தடுக்க போஸ்டர் ஒட்டிப் பயனில்லை. பித்தளைக் கம்பியை கை எட்டும் இடத்தில் தொங்கவிட்டால் தானாக நிற்கும்.

டிரையரில் எல்லோரும் டெம்பரேச்சரை மட்டும் பார்க்கிறார்கள். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரி, மூன்று நான்கு மணி நேரம் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. ஹாப்பரின் கொள்ளளவு 50 கிலோ, மெஷின் மணிக்கு 25 கிலோ தின்கிறது என்றால், பொருள் உள்ளே இருப்பதே இரண்டு மணி நேரம்தான்! டிஸ்ப்ளேயில் 120 காட்டினாலும் பொருள் முழுசாகக் காய்ந்திருக்காது. ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் இதே கதை. ஐப்பசி, கார்த்திகையில், ஈரத்தால் பார்ட்டில் வெள்ளிக் கோடாக வரும் சில்வர் ஸ்ட்ரீக் கூடினால் சப்ளையரோடு சண்டை போடுவதற்கு முன் அந்த ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

டேக்குக்கு டார்கெட் வைப்பது

ஆளுக்கு மாதம் பத்து டேக் என்று சொன்னால் பத்து டேக் வரும். "ஸ்டிக்கர் கிழிந்துள்ளது" என்று நான்கு, "தூசி உள்ளது" என்று ஆறு. அதைவிட மோசம், ஆபரேட்டர் உண்மையிலேயே எழுதிய ஆயில் லீக் டேக் மூன்று மாதம் மெஷினிலேயே தொங்குவது. அந்த மனிதர் அதற்கப்புறம் எழுத மாட்டார். இரண்டு நாளைக்குள் சரிசெய்ய முடியாவிட்டாலும், எப்போது செய்யப் போகிறோம், எந்தப் பாகத்துக்குக் காத்திருக்கிறோம் என்று மெயின்டனன்ஸ் ஆள் அதே டேக்கின் பின்பக்கத்தில் எழுதிவிட்டுப் போகட்டும்.

முதல் கிளீனிங்கில் நடக்கும் விபரீதங்கள்

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஹவுஸ் கீப்பிங் ஆட்களை வைத்துத் துடைப்பது டி.பி.எம். ஆகாது. ஆபரேட்டர் கைபட்டுத் துடைக்கும்போதுதான் தளர்ந்த போல்ட்டும் வெடித்த ஹோஸும் கண்ணில் படும். ஏர் கன்னால் ஊதுவதும் அப்படித்தான். தூசி போவதில்லை, இடம் மாறுகிறது. எந்த இடத்துக்கு என்றால், பெரும்பாலும் கண்ட்ரோல் பேனலுக்கு. வெயில் காலத்தில் பேனல் ஏ.சி. மக்கர் செய்ததும் கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேனை வைக்கும் காட்சி எத்தனை ஆலைகளில்! கிரைண்டர் தூள் நேராக டிரைவ் கார்டில் போய் உட்காரும்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. மெயின் ஸ்விட்சைப் பூட்டி, பூட்டின் சாவியைத் துடைப்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பேரலில் மிச்சமுள்ள பிளாஸ்டிக்கை வெளியே தள்ளி பர்ஜ் செய்யும்போது நாசிலுக்கு நேராக நிற்கக் கூடாது. அசிட்டால், பி.வி.சி. என்ற இரண்டு பிளாஸ்டிக்கும் சூடான பேரலில் சந்திக்கக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று சிதைத்து நச்சு வாயுவைக் கக்கும். ஹீட்டர் டெர்மினலை இறுக்குவது எலக்ட்ரீஷியன் வேலை, ஆபரேட்டரின் ஷீட்டில் அது இருக்கவே கூடாது. மோல்டை மூடித் திறக்கும் டாகிளுக்கு கிரீஸ் அதிகமானால் நல்லது என்று நினைத்து அள்ளிப் பூசினால், அது வழிந்து மோல்டில் விழுந்து பார்ட்டில் கறையாக வரும்.

நேரமும் மொழியும் தராமல் பொறுப்பை மட்டும் தருவது

ஷிஃப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம் துடைத்து, எண்ணெய் விட்டு, பார்த்து, இறுக்க வேண்டும் என்கிறோம். பிளானிங்கில் அந்தப் பத்து நிமிடம் கழிக்கப்பட்டிருக்காது. விளைவு, ஷிஃப்ட் முடியும்போது ஷீட் முழுக்க ஒரே பேனாவால் டிக். அந்தப் பத்து நிமிடத்தை பிளானில் திட்டமிட்ட நிறுத்தமாகவே காட்டுங்கள்.

இன்று மெஷின் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரே விஷயத்தை ஒரு பக்கத்தில் சொல்லும், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒன் பாயின்ட் லெசன் சுவரில் தொங்குகிறது. சரியான ஆயில் லெவல் ஒரு போட்டோ, தவறான லெவல் ஒரு போட்டோ, கேஜில் பச்சை-சிவப்புப் பட்டை. இவை இருந்தால் எழுத்தே தேவைப்படாது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், நிரந்தரமாக இருக்கும் செட்டர்களையும் லைன் லீடர்களையும்தான் ஆழமாகப் பயிற்றுவிக்க வேண்டும்.

நாற்பது மெஷினிலும் ஒரே நாளில் தொடங்குவது

தொடக்க விழாவில் எல்லா மெஷினிலும் போர்டு மாட்டிவிட்டால், மெயின்டனன்ஸில் இருக்கும் நான்கு பேர் டேக் வெள்ளத்தில் மூழ்கிவிடுவார்கள். ஒரு மெஷின், அதில் ஓடும் முக்கியமான மோல்ட் ஒன்று, அதன் டிரையர், அதன் தண்ணீர் லைன் என்று ஒரு செட்டாக எடுங்கள். ஆலையிலேயே மோசமான மெஷினைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும். அதில் பேரல் மாற்றவே கேபிடல் அப்ரூவல் வேண்டும், ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள். நடுத்தர நிலையில் இருக்கும், ஆர்டர் தொடர்ந்து வரும் மெஷின் போதும். குஷன், ரெக்கவரி டைம், தண்ணீர் ஓட்டம் மூன்றும் செட்டிங்கைத் தொடாமல் மூன்று மாதம் எல்லைக்குள் நின்றால் அடுத்த இரண்டு மெஷினுக்குப் போகலாம். அதுவரை மற்ற முப்பத்தொன்பதிலும் போர்டு வேண்டாம்.